எல்லை மாறிய ஊரில் வாடகை வழக்கு: திருத்தணியை முன்வைத்து ஓர் ஆய்வு

திருத்தணியின் எந்த வரலாற்றை எழுதப் புகுந்தாலும் கை தானாக 1960 ஏப்ரல் 1-க்குப் போய்விடும். ம.பொ.சி. முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், எல்லை நடுவர் படாஸ்கரின் பரிந்துரைப்படி, சித்தூர் மாவட்டத்திலிருந்த இவ்வூர் சென்னை மாநிலத்தில் சேர்ந்த நாள் அது. ஆனால் வாடகை வீட்டில் குடியிருப்பவரின் உரிமையை அளவிட அந்தத் தேதி அவ்வளவாக உதவாது. அதைவிட ஆழமான கோட்டைப் பதினாறு ஆண்டுகள் கழித்து ஓர் அரசாணை போட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் கீழ் வீட்டுக்காரர் காரணமே சொல்ல வேண்டியதில்லை. மாத வாடகை என்றால் பதினைந்து நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு உரிமையியல் நீதிமன்றம் போகலாம். இரண்டாம் உலகப் போர்க்கால வீட்டுப் பஞ்சம்தான் இதை மாற்றியது. 1941-இல் போர்க்கால ஆணையாகத் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாடு, 1946-இலும் 1949-இலும் சென்னை மாகாணச் சட்டமாயிற்று. 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்தபோது 1949-ஆம் ஆண்டுச் சட்டமும் கூடவே போனது.

1960-இல் இரு மாநிலங்களும் தனித்தனியே புதுச் சட்டம் இயற்றின: ஆந்திரத்தில் 15-ஆம் எண், சென்னையில் 18-ஆம் எண். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டிலும் 10-ஆம் பிரிவுதான் காலி செய்வதற்கான காரணங்களைச் சொன்னது: வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தது, உள்வாடகைக்கு விட்டது, வீட்டுக்காரருக்கே வீடு தேவைப்படுவது. மலைவாசத் தலம் அல்லாத ஊரில் நான்கு மாதம் தொடர்ந்து குடியிராவிட்டாலும் சென்னைச் சட்டப்படி வெளியேற்ற முடிந்தது. (365 படி ஏறினாலும் திருத்தணி அந்தக் கணக்கில் மலை ஊர் ஆகாது.) நகராட்சி அல்லாத ஊர்களுக்குச் சென்னைச் சட்டம் அரசு அறிவித்தால்தான் பொருந்தியது, அதுவரை பழைய 1882-ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

ஆர்.சி.ஓ.பி. என்று வக்கீல்கள் சொல்லும், காலி செய்யக் கோரும் மனுவில் குடியிருப்பவருக்குப் பல அரண்கள் இருந்தன. வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால், வங்கிக் கணக்கைக் கேட்டு எழுதி, பதில் இல்லையேல் மணியார்டர் அனுப்பி, அதுவும் திரும்பினால் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடமே கட்ட முடிந்தது. ஆனால் பாக்கியைக் கட்டாமல் வழக்காட முடியாதிருந்தது. தோற்றவருக்கு மேல்முறையீடு, பிறகு உயர் நீதிமன்றத்தில் சீராய்வு. நிறைவேற்று மனு கடைசியில். ஒரு தலைமுறை நீண்ட வழக்குகள் இந்த வழியில்தான் பிறந்தன. அதற்குச் சட்டத்தை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. இரு தரப்புமே வாய்தாவை ஆயுதமாக்கின.

இந்த அரண்களெல்லாம் தனியார் வீட்டுக்குத்தான். 1976 ஆகஸ்டில் வந்த 2000-ஆம் எண் அரசாணை, இந்து, கிறித்துவ, இஸ்லாமியப் பொது அறக்கட்டளைகளின் கட்டடங்களை 1960-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து முழுவதும் விலக்கியது. சொற்ப வாடகையால் அறநிறுவனங்கள் நலிகின்றன என்பது அரசின் காரணம்; உச்ச நீதிமன்றமும் விலக்கை ஏற்றது. காரணம் வலுவானதே. ஆனால் கோயிலை நம்பி வாழும் ஊரில் இதன் விளைவு வேறு. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் ஒருவருக்கு 10-ஆம் பிரிவு காவலாக இருந்தது. கோயில் மனையில் இருந்தவருக்கு அது இல்லை. இந்து சமய அறநிலையத் துறைச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு, குத்தகைக் காலம் முடிந்தும் காலி செய்யாதவரை ஆக்கிரமிப்பாளராகவே கருதுகிறது. விசாரிப்பவரும் நீதிபதியல்ல, துறையின் இணை ஆணையர்.

2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டது. நகர்ப்புற வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. காலி செய்யும் மனு வாடகை நீதிமன்றத்துக்கும், மேல்முறையீடு வாடகைத் தீர்ப்பாயத்துக்கும் போகும். ஒப்பந்தம் எழுதிக்கொள்ளத் தவறியதே வெளியேற்றக் காரணமாகலாம் என்கிறது 21-ஆம் பிரிவு; வாய்ச்சொல்லில் பல காலம் குடியிருந்தவர்களை இது கடுமையாகத் தாக்குகிறது. அரசு அறிவிக்கும் சமய, அறநிறுவனக் கட்டடங்களை விலக்கிவைக்கும் வழியைப் புதுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவும் திறந்தே வைத்திருக்கிறது.