கண்ணும் கேள்வியும்: பார்வையற்றோரும் நமது எழுத்துக் கல்வியும்

பார்வையற்றோருக்குத் தமிழ்த் திருச்சபை ஆற்றிய தொண்டினைக் குறித்து எழுதுவோர் பெரும்பாலும் 1890ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவர். அவ்வாண்டில் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கென ஒரு பள்ளியை நிறுவினார். அது போற்றத்தக்க செயலே. ஆயினும் வரலாற்று மாணவன் அதற்கு முன்னரே ஒரு வினாவை எழுப்பக் கடமைப்பட்டிருக்கிறான். தனிப்பள்ளி தேவைப்படும் அளவுக்குப் பார்வையற்றோர் கல்விக்குப் புறம்பானவர்களாய் ஆனது எவ்வாறு? அவர்களை வெளியே நிறுத்தியதில் நமக்கும் பங்கு உண்டோ? சேலம், நாமக்கல் சமவெளியை முன்னிறுத்தி இவ்வினாவை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

பழந்தமிழ்க் கல்வியில் கண்ணைவிடச் செவிக்கே வேலை அதிகம். திருக்குறளில் கல்விக்கு ஓர் அதிகாரம் இருப்பதுபோலக் கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் இருப்பது நாமெல்லாரும் அறிந்ததே. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியாருக்கு முதுகில் எழுத்துகளை எழுதிக் காட்டிக் கற்பித்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. இரட்டைப் புலவருள் ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்கவியலாதவர். ஒருவர் தோளில் மற்றவர் அமர்ந்து ஊர்தோறும் சென்று பாடினர் என்பர். பழனியில் பிறந்த மாம்பழக்கவிச்சிங்க நாவலர் (1836–1884) குழந்தைப் பருவத்திலேயே அம்மை நோயால் பார்வை இழந்தவர். ஆயினும் சேதுபதியின் அவையில் புலவராய் விளங்கினார். இவர்களை ஒருவரும் பார்வையற்றோர் பிரிவுக்குரிய புலவராக எண்ணவில்லை. கேட்டு மனப்பாடம் செய்பவருக்குப் புலமையின் வாயில் திறந்தே இருந்தது.

இதனைக் கொண்டு பழங்காலத்தைப் பொற்காலமென்று கூறிவிடலாகாது. இவர்கள் புரவலரின் ஆதரவு பெற்ற சிலர். ஏழைக் குடியிலும் ஒடுக்கப்பட்ட சாதியிலும் பிறந்த பார்வையற்றவனுக்குத் திண்ணைப் பள்ளியும் எட்டாதது. கோயில் வாயிலும் சந்தைத் தெருவுமே அவனுக்கு எஞ்சின. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. அக்கல்வி முறை எவரையேனும் ஒதுக்கியதெனில், அவருடைய குலத்தையும் வறுமையையும் பார்த்து ஒதுக்கியதேயன்றிக் கண்ணைப் பார்த்து ஒதுக்கவில்லை.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் ஐயரும் உடனூழியரும் அச்சு இயந்திரத்தை நிறுவிப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு 1715இல் முடித்தனர். திருமறையை ஒவ்வொரு விசுவாசியும் தானே வாசிக்க வேண்டும் என்பது சீர்திருத்தத் திருச்சபையின் உயிர்க்கொள்கை. அக்கொள்கையே பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் பள்ளிக் கதவைத் திறந்தது. இதனை மறுப்பவர் வரலாற்றை அறியாதவர். சேலத்தில் லண்டன் மிஷனெரிச் சங்கத்தார் 1827 முதல் பணியாற்றினர். எங்கும் போல அங்கும் சபையும் பள்ளியும் ஒருங்கே எழுந்தன. ஆனால் அதே கொள்கை, எவரும் கருதாத வகையில், வேறொரு கதவை இறுக அடைத்தது. வாசிப்பே கல்விக்கும், நாளடைவில் கிறிஸ்தவ முதிர்ச்சிக்கும் அடையாளம் ஆனபோது, பார்வையற்றவன் கல்லாதவன் ஆனான். செவியால் கற்றவனுக்கு இருந்த மதிப்பு அச்சுப் புத்தகத்தின் முன் மங்கியது. கரும்பலகை, பாடப்புத்தகம், எழுத்துத் தேர்வு ஆகிய மூன்றிலும் அவனுக்கு இடமில்லை.

இச்சமவெளியில் பார்வையற்றோர் தொகையும் சிறிதாயிருந்திருக்க முடியாது. 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம் சேலம் மாவட்டத்தை மிகக் கடுமையாகத் தாக்கியது. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை 1881இல் 16 இலட்சமாகக் குறைந்தது. உணவில் வைட்டமின் ஏ இல்லாத குழந்தைக்கு முதலில் மாலைக்கண் தோன்றும். பின்னர்க் கருவிழி மென்மையாகி அழியும். அம்மையும் தட்டம்மையும் அதனை விரைவுபடுத்தும். பஞ்சத்தில் பிழைத்த குழந்தைகளுள் எத்தனைபேர் இவ்வாறு பார்வை இழந்தனரோ! (அன்று பஞ்சம் வாட்டிய நாமக்கல் பகுதியிலிருந்தே இன்று தமிழ்நாட்டுச் சத்துணவுக் கூடங்களுக்கு முட்டை பெருமளவில் செல்கிறது என்பதை இடையே குறிப்பிடலாம்.) 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இரு கண்களிலும் பார்வை இழந்தோரைத் தனியே எண்ணியது. பைத்தியம், செவிட்டூமை, தொழுநோய் என்பவற்றோடு ஒரே அட்டவணையில் அவர்களும் இடம்பெற்றனர். அரசாங்கம் எண்ணியது. எண்ணியபின் செய்தது மிகச் சிறிதே.

செய்ய முன்வந்தோர் மிஷனெரிப் பெண்மணிகள். 1887இல் அமிர்தசரசில் ஷார்ப் அம்மையார் இந்தியாவின் முதலாவது பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். மூன்றாண்டுகளில் பாளையங்கோட்டைப் பள்ளி எழுந்தது. பிரான்சு நாட்டில் லூயி பிரெயில் 1829இல் வெளியிட்ட புள்ளியெழுத்து முறை தமிழுக்கும் பொருத்தப்பட்டது. தடவிப் படிக்கும் விரலுக்குத் திருமறை திறந்தது. நாமே அடைத்த கதவை நாமே திறந்தோம் என்று கூறுதல் மிகையாகாது. எனினும் இந்தியாவில் பல பிரெயில் முறைகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டு வழங்கின. ஒரு பள்ளியில் கற்றவர் மற்றொரு முறையில் அமைந்த நூலைப் படிக்க இயலாது. 1951இல் பாரதி பிரெயில் ஏற்கப்பட்ட பின்னரே இக்குழப்பம் தீர்ந்தது.

சேலம், நாமக்கல் சிற்றூர் ஒன்றில் பார்வையற்ற குழந்தையைப் பெற்ற தாய்க்குப் பாளையங்கோட்டை ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவு. பள்ளி என்பது பிரிவு என்று பொருள்பட்டது. சென்ற பிள்ளை எழுத்தும் கைத்தொழிலும் கற்றான். தன் ஊர் வயலையும், உறவினர் பேச்சையும், சபையின் வழக்கங்களையும் இழந்தான். மீண்டு வந்தால் ஊர் அவனுக்கு அந்நியம். செல்லாத பிள்ளை வீட்டில் இருந்தான். தறி வீடுகளில் இராட்டையில் தார் சுற்றுவதும், கயிறு திரிப்பதும், ஆட்டுக்கல்லில் மாவாட்டுவதும் கண்ணின்றிச் செய்யத்தக்க வேலைகள். பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் விசைத்தறி பெருகியபின் கைத்தறியைச் சார்ந்த அவ்வேலைகளும் சுருங்கின. தனிப்பள்ளியைக் குறைகூறுதல் நம் கருத்தன்று. அஃதின்றி ஒரு தலைமுறையே எழுத்தறியாது போயிருக்கும். ஆனால் பள்ளி இருக்கிறது என்ற நிம்மதியில் உள்ளூர்ச் சபை தன் கடமை முடிந்ததாகக் கருதியது. காணிக்கை அனுப்பியது, இருக்கை ஒதுக்கவில்லை.

பிரெயிலுக்கும் எல்லை உண்டு என்பதை நாமக்கல்லை அடுத்த கொல்லிமலையோடு தொடர்புடைய ஒரு குடும்பத்தின் பணி நமக்கு உணர்த்துகிறது. அங்கே ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்ட் ஐயர் 1929இல் காய்ச்சலால் மரித்தார். துணைவியார் ஈவ்லின் அம்மையார் 1974இல் தம் மரணம் வரையில் மலைமக்களிடையே உழைத்தார். அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1946இல் வேலூருக்கு வந்து தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். அவர் மனைவி மார்கரெட் பிராண்ட் அம்மையார் தொழுநோயாளரின் கண்களைக் காப்பதில் தேர்ந்தார். அந்நோய் முக நரம்பைத் தாக்கினால் இமை மூடாது. கருவிழி உணர்விழந்து, உலர்ந்து, புண்ணாகிப் பார்வை போகும். பொட்டுப்பகுதித் தசையை இமையோடு இணைத்து, மெல்லும் அசைவினால் இமை மூடும்படி செய்தனர். பார்வை போனபின் வந்தவருக்கோ பிரெயிலும் உதவாது. அவர் விரலிலும் உணர்வில்லை. செவி ஒன்றே அவருக்கு மீதி. அச்சுக்காலத்தில் நாம் தாழ்த்திவிட்ட அதே செவி!

சமுதாயம் இப்போது வேறு வழியில் செல்கிறது. பார்வையற்ற குழந்தை பொதுப்பள்ளியிலேயே பயிலுவதற்கான மத்திய அரசின் திட்டம் 1974இல் வந்தது. 1995, 2016ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் அதனை உரிமையாக்கின. கணினித் திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருள்கள் தமிழும் படிக்கின்றன. அவற்றுள் இலவசமாய்க் கிடைக்கும் ஒன்றை 2006இல் உருவாக்கத் தொடங்கியவர்கள் ஆஸ்திரேலியாவின் பார்வையற்ற இளைஞர் இருவர். 2015இல் சென்னையைச் சேர்ந்த பெனோ செபின், முழுமையாகப் பார்வையற்றோருள் முதலாவதாக இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். 2025 மார்ச் மாதம், பார்வைக் குறைபாட்டைக் காரணம் காட்டி ஒருவரை நீதித்துறைப் பணிக்குத் தகுதியற்றவராக ஒதுக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாட்சியின் முகத்தைப் பார்க்க இயலாதவர் எப்படி நீதி வழங்குவார் என்ற பழைய ஆட்சேபம் அத்தோடு வீழ்ந்தது.

நம் பக்கம் நிகழ்வதென்ன? நம் சிற்றூர்ச் சபைகளில் கீர்த்தனைகளை மனப்பாடமாகப் பாடிய தலைமுறை ஒன்று இருந்தது. பார்வையற்றவரும் மற்றவரும் அங்கே சரிசமம். சில சபைகளில் பாட்டை எடுத்துக் கொடுத்தவரே பார்வையற்றவராயிருப்பார். இன்று சுவரில் திரை. அதில் வரிகள் ஓடுகின்றன. ஆராதனைக்குள் அச்சுக்காலத்தின் கதவை இரண்டாம் முறையாக அடைக்கிறோம். வரிகளை முன்கூட்டியே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லும் பழைய வழக்கத்தைப் போதகர் மீட்டால் பணச்செலவு ஒன்றுமில்லை.

குருத்துவப் பணிக்கு வருவோர் காரியம் இதனினும் கடினமானது. லேவியராகமம் 21ஆம் அதிகாரம் பார்வையற்ற ஆரோனியனைப் பலிபீடத்தண்டை சேர விலக்குகிறது. ஆனால் பரிசுத்த அப்பத்தில் அவனுக்குப் பங்கு உண்டென்றும் அதே அதிகாரம் கூறுகிறது. லூக்கா 14இல் விருந்துக்கு அழைக்கப்படுவோர் வரிசையில் குருடர் உள்ளனர். எரிகோவில் பர்திமேயு பார்வை பெற்றபின் வழியிலே பின்சென்றதைப் பிரசங்கிக்கிறோம். பார்வை பெறாமலே பின்செல்ல விரும்புகிறவன் விண்ணப்பம் அனுப்பினால் அதனை எந்தக் குழுவிடம் அனுப்புவது என்று தடுமாறுகிறோம். மருத்துவச் சான்றிதழில் கண்பார்வைக்கான கட்டம் எதற்காக இருக்கிறது என்று நம் பேராயங்களும் கல்லூரிகளும் ஒருமுறை கேட்டுக்கொள்வது தகும். மூலமொழிகளைப் பயில இயலாதே என்பது வழக்கமாகக் கூறப்படும் தடை. எபிரேயத்துக்கும் கிரேக்கத்துக்கும் பிரெயில் முறைகள் நெடுங்காலமாகவே வழக்கில் உள்ளன.