வில்லியனூரு அத்தை

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கப் போனபோது 'சர்நேம் என்ன?' என்று கேட்டார்கள். அப்பா பேரை எழுதினேன். அன்றைக்கு ராத்திரி ஆயா சொல்லிக்கொண்டிருந்த கதை ஞாபகத்துக்கு வந்தது.

ஆயாவின் தாத்தா திண்டிவனம் பக்கம் பண்ணையாள். வீட்டுப் பெட்டியில் அவர் கைநாட்டு வைத்த கடன் சீட்டு ஒன்று கிடக்கிறது. பேருக்குப் பின்னால் 'பறையன்' என்று எழுதியிருக்கிறது. வெள்ளைக்காரன் சீமையில் நமக்குக் கிடைத்த சர்நேம் அதுதான். அவருடைய தங்கையை வில்லியனூரில் கட்டிக்கொடுத்தார்கள். 1879இல் விழுப்புரம் - புதுச்சேரி ரயில் வந்த பிறகு நடந்த கல்யாணம். வில்லியனூர் பிரெஞ்சுக்காரன் எல்லை.

அங்கே 1881 செப்டம்பர் 21இல் ஒரு ஆணை வந்தது. 21 வயதான எவனும் சாதி வழக்கத்தையும் அதன் சட்டத்தையும் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வரலாம். ஒரு குடும்பப் பேரை அவனே தேர்ந்து பதிய வேண்டும். பெண்டாட்டிக்கும் மைனர் பிள்ளைகளுக்கும் அது சேரும். திரும்பப் பெற முடியாது. இதற்கு முன்நின்ற வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை, பூட்ஸ் போட்டுக் கோர்ட்டுக்குப் போனதற்காக 1873இல் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடி ஜெயித்தவர். 'லா போர்த்' என்று பேர் வைத்துக்கொண்டார். கதவு என்று அர்த்தம். அவர் நம்ம சனம் இல்லை. ஆனால் அந்தக் கதவு வழியாக அதிகம் நுழைந்தது சேரிக்காரர்களும் கிறித்தவர்களும்தான். மேல்சாதிகள் பெரும்பாலும் ஒதுங்கி நின்றன. சாதியை விட்டுவிட்டால் அவர்களுக்கு மிஞ்சுவது என்ன? 1884இல் ஐரோப்பியர், துறந்தவர், துறக்காதவர் என வாக்காளர் பட்டியலையே மூன்றாகப் பிரித்தார்கள்.

தங்கையின் புருஷனும் கையெழுத்துப் போட்டார். அவர் பிள்ளைகள் சைகோனுக்கு சர்க்கார் வேலைக்குப் போனார்கள். அண்ணன் பிள்ளைகள் அதே பண்ணையில் மாடு மேய்த்தார்கள். சேரியில் வீடென்னவோ அங்கேயும் அதே தெருவில்தான். கையெழுத்தால் தெரு மாறவில்லை. ஆனாலும் பேரைச் சொன்னால் சாதி தெரியாது என்பது சின்ன விஷயமா?

"அந்தம்மா பேரு என்ன ஆயா?" என்று கேட்டேன்.

"யாருக்குடா தெரியும்? எங்கப்பன் வில்லியனூரு அத்தைன்னுவாரு. அங்க அவங்க திண்டிவனத்தான்னு கூப்பிடுவாங்களாம்."