தேசப்பற்றா, சொந்த நலனா? அமெரிக்க வாக்காளர் அதிபரைத் தேர்வு செய்வது எப்படி

அமெரிக்க அதிபர் தேர்தல் நடைபெறும் ஒவ்வொரு நான்காம் ஆண்டிலும் ஒரு பழைய கேள்வி மீண்டும் எழுகிறது. வாக்காளர் நாட்டை நினைத்து வாக்களிக்கிறாரா, தமது வீட்டுச் செலவை நினைத்தா என்பதே அது. இதற்கு விடையாகப் பெரும்பாலும் 1980-ஆம் ஆண்டு தேர்தல் சுட்டிக்காட்டப்படுகிறது. தேசப்பற்றை முன்னிறுத்திய அதிபரை, வாக்காளரின் சொந்த நலனைத் தொட்ட ஒரே கேள்வி வீழ்த்தியது என்பது பரவலான கூற்று. அது பாதி உண்மை மட்டுமே.

இந்தியக் குடியரசுத் தலைவரை நாடாளுமன்ற, சட்டப்பேரவை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கின்றனர். அமெரிக்காவில் பொதுமக்களே வாக்களிக்கின்றனர். எனினும், அவர்களது வாக்குகள் மாகாண வாரியாக எண்ணப்பட்டு, 538 தேர்வாளர் வாக்குகளில் குறைந்தது 270-ஐப் பெறுபவரே அதிபராகிறார்.

தியாகம் கோரிய கார்ட்டர்

ஈரான் புரட்சியைத் தொடர்ந்து 1979-இல் அமெரிக்கப் பெட்ரோல் விற்பனை நிலையங்களில் வாகனங்கள் நீண்ட வரிசையில் காத்திருந்தன. அவ்வாண்டு ஜூலை 15-ஆம் தேதி அதிபர் ஜிம்மி கார்ட்டர் தொலைக்காட்சியில் நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். தேவையற்ற பயணங்களைத் தவிர்க்குமாறும், வாரத்தில் கூடுதலாக ஒரு நாள் காரை நிறுத்தி வைக்குமாறும், வேக வரம்பைக் கடைப்பிடிக்குமாறும் கேட்டுக்கொண்ட அவர், எரிபொருளைச் சேமிக்கும் ஒவ்வொரு செயலும் தேசப்பற்றுச் செயல் என்றார். சுகபோகத்தையும் நுகர்வையும் வழிபடும் போக்கையும் அவர் சாடினார்.

இந்த உரை தொடக்கத்திலேயே எடுபடவில்லை எனப் பிற்காலத்தில் கூறப்பட்டாலும், உண்மை வேறு. உரை முடிந்தவுடன் அவருக்கான ஆதரவு உயர்ந்தது. சில நாட்களில் அமைச்சர்கள் பலரை அவர் மாற்றியதே அந்த ஆதரவைக் கரைத்தது.

அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி டெஹ்ரானில் உள்ள அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. நாட்டுக்கு நெருக்கடி நேரும்போது மக்கள் அதிபரின் பின்னால் அணிதிரள்வது அமெரிக்காவில் வழக்கம். கார்ட்டருக்கும் அது கிடைத்தது. ஜனநாயகக் கட்சி வேட்பாளர் போட்டியில் செனட்டர் எட்வர்டு கென்னடியை அவர் தோற்கடிக்க அந்த அலை உதவியது. ஆனால் மாதங்கள் கடந்தும் பிணைக் கைதிகள் திரும்பவில்லை. 1980 ஏப்ரலில் மேற்கொள்ளப்பட்ட மீட்பு முயற்சி தோல்வியடைந்து, 8 அமெரிக்க வீரர்கள் உயிரிழந்தனர். அவ்வாண்டின் சராசரிப் பணவீக்கம் 13.5 சதவீதத்தை எட்டியது.

அக்டோபர் 28-ஆம் தேதி கிளீவ்லாந்தில் நடைபெற்ற விவாதத்தில், குடியரசுக் கட்சி வேட்பாளர் ரொனால்டு ரீகன் வாக்காளர்களை நோக்கி, நான்கு ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட உங்கள் நிலை மேம்பட்டுள்ளதா என்று கேட்டார். அரசியல் வரலாற்றில் நிலைத்தது இந்த ஒரு வரி மட்டுமே. அதைத் தொடர்ந்து அவர் அடுக்கிய கேள்விகள் அதிகம் நினைவுகூரப்படுவதில்லை. கடைகளில் பொருள் வாங்குவது எளிதாகியுள்ளதா, நாட்டில் வேலையின்மை கூடியுள்ளதா என்று கேட்டவர், அமெரிக்காவுக்கு உலகில் முன்பிருந்த மரியாதை இன்றும் உள்ளதா, நாடு முன்புபோல் வலிமையுடன் இருக்கிறதா என்றும் கேட்டார். சட்டைப் பையில் தொடங்கி தேசத்தின் கௌரவத்தில் முடித்தார் எனலாம்.

தூதரகம் கைப்பற்றப்பட்டு சரியாக ஓராண்டு நிறைவடைந்த நாளில் வாக்குப்பதிவு நடைபெற்றது. ரீகன் 489 தேர்வாளர் வாக்குகளையும், கார்ட்டர் 49 வாக்குகளையும் பெற்றனர். எஞ்சியிருந்த 52 பிணைக் கைதிகள், 1981 ஜனவரி 20 அன்று ரீகன் பதவியேற்ற சில நிமிடங்களில் விடுவிக்கப்பட்டனர்.

ஆய்வுகள் கூறுவது

வேலை இழந்தவரும் வருமானம் குறைந்தவரும் ஆளும் கட்சிக்கு எதிராகவே வாக்களிப்பர் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. அரசியல் அறிஞர்கள் டொனால்டு கிண்டர், ரோடரிக் கீவிட் ஆகியோர் 1979, 1981 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் அதைக் கேள்விக்குள்ளாக்கின. வாக்காளரின் சொந்தப் பொருளாதார நிலையைவிட, நாட்டின் பொருளாதாரம் குறித்து அவர் கொண்டுள்ள மதிப்பீடே வாக்கில் அதிகம் பிரதிபலிப்பதாக அவர்கள் கண்டறிந்தனர்.

இதனை உடனே தன்னலமின்மை எனக் கொள்வதற்கில்லை. நாட்டின் பொருளாதாரம் சரிந்தால் நாளை தமது வேலைக்கும் ஆபத்து என்ற கணக்கும் அதில் அடங்கியிருக்கலாம். இரண்டையும் பிரித்துக் காண்பது எளிதன்று.

மறுபுறம், வாக்குச்சாவடிக்குச் செல்வதே தன்னலக் கணக்குக்கு ஒத்துவராத செயல். கோடிக்கணக்கான வாக்குகளில் ஒருவரது வாக்கு முடிவை மாற்றும் வாய்ப்பு மிகச் சொற்பம் என்பதால், லாப நட்டம் மட்டும் பார்ப்பவர் வீட்டிலேயே இருந்துவிடக்கூடும் என்ற சிக்கலை அந்தோணி டவுன்ஸ் 1957-இல் எடுத்துரைத்தார். 2000-ஆம் ஆண்டு தேர்தலைத் தீர்மானித்த புளோரிடாவில்கூட, ஏறத்தாழ 60 லட்சம் வாக்குகளில் வித்தியாசம் 537. ஒற்றை வாக்கு அல்ல. பெரும்பாலானோரை வரிசையில் நிற்க வைப்பது குடிமைக் கடமை என்ற உணர்வே எனப் பின்வந்த ஆய்வாளர்கள் விளக்கினர்.

போர்க்களப் பதக்கமும் வாக்கும்

தேசப்பற்றை வேட்பாளரின் ராணுவச் சேவையால் அளப்பதானால், முடிவுகள் வியப்பளிப்பவை. இரண்டாம் உலகப் போரில் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு உயிர்தப்பிய ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ் 1992-லும், இத்தாலியில் படுகாயமடைந்த பாப் டோல் 1996-லும், வியட்நாம் போர்க் காலத்தில் கட்டாய ராணுவச் சேவையைத் தவிர்த்ததாக விமர்சிக்கப்பட்ட பில் கிளிண்டனிடம் தோற்றனர். வியட்நாமில் பதக்கங்கள் பெற்ற ஜான் கெர்ரி 2004-லும், ஹனோயில் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் போர்க் கைதியாக இருந்த ஜான் மெக்கெயின் 2008-லும் வெற்றி பெறவில்லை.

இவர்களில் புஷ்ஷின் வீழ்ச்சியே பெரிது. வளைகுடாப் போர் வெற்றிக்குப் பின் 1991-இல் கேலப் கருத்துக் கணிப்பில் அவருக்கு 89 சதவீத ஆதரவு இருந்தது. அடுத்த ஆண்டு தேர்தலில் கிடைத்த வாக்குகள் சுமார் 37 சதவீதம். பொருளாதாரம் அப்போது மீளத் தொடங்கியிருந்தும், 1992 ஜூனில் வேலையின்மை 7.8 சதவீதமாக இருந்தது.

இதே நிலை 2024-லும் காணப்பட்டது. 2022 ஜூனில் 9.1 சதவீதமாக இருந்த பணவீக்கம், 2024 அக்டோபரில் 2.6 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஆனால் பணவீக்கம் குறைவது என்பது விலை உயரும் வேகம் குறைவதே. ஏறிய விலை இறங்கவில்லை. டொனால்டு டிரம்ப் ரீகனின் கேள்வியை மீண்டும் கையிலெடுத்து, 312 தேர்வாளர் வாக்குகளுடன் வென்றார். கமலா ஹாரிஸ் 226 வாக்குகளைப் பெற்றார்.

பொருளாதாரம் குறித்த மதிப்பீட்டிலும் கட்சிச் சார்பு கலந்துள்ளது. அந்தத் தேர்தல் முடிவு வெளியானதும் குடியரசுக் கட்சியினரிடையே பொருளாதார நம்பிக்கை உயர்ந்தது. ஜனநாயகக் கட்சியினரிடையே சரிந்தது. அந்தச் சில வாரங்களில் கடைகளில் விலை பெரிதாக மாறியிருக்கவில்லை.