பகைவர் கைகோத்த நான்கு நாட்கள்

யுத்த வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் வெற்றி தோல்விகளையே எண்ணிச் செல்வர். எத்தனை கப்பல் மூழ்கிற்று, எத்தனை நகரம் வீழ்ந்தது என்னும் அக்கணக்கிலே, மனிதன் மனிதனாக நின்ற நாட்கள் ஏட்டிலேறாமல் மறைந்து போகின்றன. 1942ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அட்லாண்டிக் கடலின் நடுவே, அத்தகைய நாட்கள் நான்கு வாய்த்தன. அவை எங்ஙனம் தோன்றின? அவற்றை முடித்தவர் யாவர்? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய்வோம்.

லகோனியா என்பது குனார்டு கம்பெனியாரின் பயணிக் கப்பல். ஏறத்தாழ 20,000 டன் அளவினது. யுத்தக் காலத்தில் பிரிட்டிஷார் அதனைத் துருப்புக் கப்பலாக்கிப் பீரங்கிகளும் பூட்டினர். சூயஸிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இங்கிலாந்துக்குச் சென்றுகொண்டிருந்த அக்கப்பலில் 2,700 பேருக்கு மேல் இருந்தனர். மாலுமிகளும், படைவீரரும், பெண்டிரும், குழந்தைகளும் மேல்தளங்களில் பயணஞ் செய்ய, வட ஆப்பிரிக்கப் போரிற் பிடிபட்ட இத்தாலியக் கைதிகள் ஏறத்தாழ 1,800 பேர் போலந்து வீரரின் காவலில் அடித்தளத்து அறைகளில் அடைபட்டுக் கிடந்தனர். கப்பலிலிருந்த மூவரில் இருவர் கைதிகள் என்பதை வாசகர் நினைவிற் கொள்க.

செப்டம்பர் 12ஆம் நாள் இரவு, யு-156 என்னும் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஏவிய டார்ப்பிடோ குண்டுகள் லகோனியாவைப் பிளந்தன. குண்டு தாக்கிய அறையிலிருந்த கைதிகள் பலர் அக்கணமே மாண்டனர். பின்னர் நீர்மூழ்கியின் தலைவர் வெர்னர் ஹார்ட்டன்ஸ்டைன் நெருங்கி வந்து நோக்கினார். இருளிலே எழுந்த கூக்குரல் இத்தாலிய மொழியில் இருந்தது! தம் நாட்டின் நேசப் படையினரையே தாம் கடலில் வீழ்த்தியதை அவர் அப்பொழுதுதான் உணர்ந்தார்.

இத்தாலியரை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு அவர் அகன்றிருக்கலாம், அங்ஙனம் செய்தாரல்லர். நீரிலே தத்தளிப்பவனிடம் நீ எந்நாட்டவன் என்று கேளாது கைகொடுத்தார். சுமார் ஐம்பது மாலுமிகளே நெருங்கி வாழும் அக்குழாய்க்குள்ளும் அதன் மேல்தளத்திலும் ஏறத்தாழ 200 பேர் இடம்பெற்றனர். பெண்டிருக்கும் குழந்தைகளுக்கும் உள்ளே இடமும், சூடான சூப்பும் காப்பியும் கிடைத்தன. எஞ்சியோரின் படகுகள் கயிற்றாற் பிணைக்கப்பட்டன. 13ஆம் நாள் வைகறையில் ஹார்ட்டன்ஸ்டைன் யாவரும் அறியத் திறந்த ஆங்கிலத்தில் வானொலிச் செய்தி விடுத்தார். தம்மைத் தாக்காதிருப்பின், உதவிக்கு வரும் எக்கப்பலையும் தாமும் தாக்குவதில்லை என்பதே அச்செய்தி.

யு-506, யு-507 என்னும் ஜெர்மானிய நீர்மூழ்கிகளும், கப்பெல்லினி என்னும் இத்தாலிய நீர்மூழ்கியும் துணைக்கு விரைந்தன. பிரெஞ்சுக் கப்பல்களும் புறப்பட்டன. நேற்றுவரை கொல்லத் துணிந்தோர் இன்று ஒரே கலத்தில் உணவு உண்டனர்.

16ஆம் நாள் பகலில் அசென்ஷன் தீவிலிருந்து அமெரிக்க விமானம் ஒன்று வந்தது. நீர்மூழ்கியின் மீது பெரிய செஞ்சிலுவைக் கொடி விரிக்கப்பட்டிருந்தது. காப்பாற்றப்பட்ட பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி ஒருவரே விளக்கொளியால் நிலைமையை உணர்த்தினார். விமானி தம் தளத்தை வினவினார். மூழ்கடிக்குமாறு ஆணை பிறந்தது! வீசிய குண்டுகளுள் ஒன்று படகுகளின் நடுவே வெடித்துப் பலரைக் கொன்றது. தம் கலமும் பழுதுற்ற நிலையில், ஹார்ட்டன்ஸ்டைன் கயிறுகளை அறுத்து, மீட்டவரை மீண்டும் கடலில் இறக்கிவிட்டு மூழ்கினார்.

அவ்வாணை ஏன் பிறந்தது? ஜெர்மானியரின் செய்தியைப் பிரிட்டிஷார் சூழ்ச்சி என்று ஐயுற்றனர். அமெரிக்கத் தளத்துக்கு அனுப்பிய தகவலில் மீட்புப் பணியைப் பற்றியோ பிரெஞ்சுக் கப்பல்களைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. அடியேன் தோட்டத்து ஆபீசிலே பேரேடு எழுதும் கிராணி. மேசையில் விடுபட்ட ஒரு வரி வெளியிலே ஒரு குடும்பத்தின் அரிசியைக் குறைத்துவிடும் என்பதை அறிவேன். அங்கே விடுபட்ட வரியோ உயிர்களையே குறைத்துவிட்டது.

எனினும், நேரிற் கண்ட விமானி சொன்ன பின்னரும் ஆணை பிறந்ததன்றோ? ஆதலின் பழி காகிதத்தின்மீது மட்டும் சார்வதன்று.

மறுநாள், 17ஆம் நாள், ஜெர்மானிய நீர்மூழ்கிப் படைத் தலைவர் டேனிட்ஸ், மூழ்கிய கப்பலின் மக்களை இனி மீட்கலாகாது என்று கட்டளையிட்டார். இரக்கத்துக்குக் கிடைத்த பரிசு இரக்கத்தின்மீது தடை! 1946இல் நூரம்பர்க் நீதிமன்றத்தில் இக்கட்டளையும் ஆராயப்பட்டது. கரையிழந்தோரைக் கொல்லுமாறு அவர் பணித்தார் என்பது ஐயமற நிறுவப்படவில்லை என்று நீதிபதிகள் கூறினர். வேறு குற்றங்களுக்காகப் பத்தாண்டுச் சிறை விதித்தனர். குண்டு வீசப் பணித்தோர்மீதோ எவ்வித வழக்கும் இல்லை.

பிரெஞ்சுக் கப்பல்கள் வந்தமையால் பிழைத்தோருட் பெரும்பாலோர் கரையேறினர். அவற்றைக் காணாது அலைந்த ஒரு படகில் 68 பேர் இருந்தனர். 27 நாட்களுக்குப்பின் ஆப்பிரிக்கக் கரை சேர்ந்தபொழுது 16 பேரே எஞ்சினர். மொத்தத்தில் பிழைத்தோர் ஏறத்தாழ 1,100 பேர். மாண்டோர் 1,600க்கு மேல், அவருள் மிகப் பலர் அக்கைதிகளே. ஹார்ட்டன்ஸ்டைனும் 1943 மார்ச்சில் அமெரிக்க விமானத்தின் குண்டால் தம் கலத்தோடும் தோழரனைவரோடும் அழிந்தார்.

இவ்வரலாற்றின் ஒரு நுனி நம் கரையையும் தொடுகிறது. மீட்புக்கு விரைந்த அதே கப்பெல்லினி, 1943இல் கீழைக் கடலுக்கு வந்தது. இத்தாலி சரணடைந்ததும் ஜப்பானியர் அதனைக் கைப்பற்றி ஜெர்மானியரிடம் ஒப்படைத்தனர். 1944இல் அது பினாங்குத் துறையிலிருந்து சென்று திரும்பியது. 1945இல் ஜெர்மனி வீழ்ந்தபின் ஜப்பானியக் கொடி ஏற்றது. ஒரே இரும்பு, மூன்று கொடி! கொடி மாறும்பொழுதெல்லாம் பகைவன் யார் என்பதும் மாறியிருக்கும். கடலில் மிதந்த மனிதனோ மாறவில்லை.

2011இல் லகோனியாவின் கதையைத் தொலைக்காட்சி நாடகமாக இங்கிலாந்தும் ஜெர்மனியும் சேர்ந்து தயாரித்தன. அன்றைய பகைவரின் பேரர்கள் கூடி அதனைச் சொல்லியது நன்றே. ஆயினும், ஹார்ட்டன்ஸ்டைனை வீரராக வணங்கி அமைதல் போதாது. அக்கப்பலை மூழ்கடித்த கையும் அவருடையதே. நாம் கற்க வேண்டுவது ஒன்று: தத்தளிப்பவனின் முகத்தை அருகே கண்டவன் இரங்கினான், காணாத தொலைவில் மேசைமுன் இருந்தவன் ஆணையிட்டான். ஆணையிடும் இடத்தில் நம்மில் எவர் அமர்ந்தாலும், அம்முகத்தை ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராக.