சேது கால்பந்துக் கழகத்தின் 2018–19 பருவம்

சேது கால்பந்துக் கழகத்தின் 2018–19 பருவம் என்பது, தமிழ்நாட்டைச் சேர்ந்த மகளிர் கால்பந்துக் கழகமான சேது, இந்திய மகளிர் லீக் போட்டியில் முதன்முறையாக வாகை சூடிய பருவம் ஆகும். 2019 மே 22 அன்று பஞ்சாப் மாநிலம் லூதியானாவில் உள்ள குரு நானக் விளையாட்டரங்கில் நடைபெற்ற இறுதியாட்டத்தில் இவ்வணி மணிப்பூர் காவல்துறை அணியை 3–1 என்ற கோல் கணக்கில் வென்றது. இந்திய மகளிர் லீக் கிண்ணத்தை வென்ற முதல் தமிழ்நாட்டுக் கழகம் இதுவே.

கழகமும் கல்லூரியும்

சேது கழகம் 2016 ஆம் ஆண்டு சீனி முகைதீன் என்பவரால் தொடங்கப்பட்டது. மதுரை அணி என்று பொதுவாக அழைக்கப்பட்டாலும், இது சார்ந்திருக்கும் சேது தொழில்நுட்பக் கல்லூரி விருதுநகர் மாவட்டம் காரியாபட்டிக்கு அருகில், மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் சாலையில் அமைந்துள்ளது. 1995 இல் நிறுவப்பட்ட இக்கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைவு பெற்ற பொறியியல் கல்லூரியாகும்.

இதனைக் "கல்லூரி அணி" என்று குறிப்பிடுவதில் ஒரு தெளிவு தேவை. இந்தியாவில் கல்லூரி மாணவர்கள் தத்தம் பல்கலைக்கழகத்தின் பெயரில் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டிகளில் ஆடுகின்றனர். அவற்றை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்துகிறது. மகளிர் லீக்கோ அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் போட்டி. அதில் பங்கேற்கும் கழகத்தின் வீராங்கனைகள் அனைவரும் மாணவியராக இருக்க வேண்டியதில்லை. எனவே சேது அணியைக் கல்லூரி வளாகத்தில் வேர்கொண்ட ஒரு கழகம் என்பதே பொருத்தமானது. பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கையில் முன்னணியில் உள்ள மாநிலத்தில், அவற்றுள் ஒன்று வளாக நேர்காணல் கணக்கைத் தாண்டி இப்படி ஒன்றைச் செய்தது சற்று வியப்புக்குரியதுதான்.

பின்னணி

மாநிலங்களுக்கு இடையேயான மூத்தோர் மகளிர் தேசிய கால்பந்துப் போட்டி 1991 முதல் நடைபெற்று வருகிறது. அதில் மணிப்பூரின் ஆதிக்கமே நெடுங்காலம் நீடித்தது. 2018 பெப்ரவரி 14 அன்று ஒடிசாவின் கட்டக்கில் நடந்த இறுதியாட்டத்தில் தமிழ்நாடு 2–1 என மணிப்பூரை வென்று முதன்முறையாகப் பட்டம் பெற்றது. லூதியானா வெற்றிக்கு ஏறத்தாழ பதினைந்து மாதங்களுக்கு முன் நிகழ்ந்த இதனையும் சேர்த்துப் பார்த்தால்தான் சேதுவின் வெற்றி தற்செயலன்று என்பது விளங்கும்.

தமிழ்நாட்டு மகளிர் கால்பந்தைப் பற்றிப் பேசும்போது பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைத் தவிர்க்க இயலாது. விழுப்புரம், திண்டிவனம், கடலூர் ஆகிய ஊர்களை உள்ளடக்கியிருந்த அம்மாவட்டம் 1993 இல் பிரிக்கப்பட்டது. அதன் கடலூர்ப் பகுதி பின்னர் மகளிர் கால்பந்தின் விளைநிலமாயிற்று. அங்குள்ள இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்விக் கழகம், பயிற்சியாளர் மாரியப்பனின் வழிகாட்டலில், எளிய குடும்பத்துப் பெண் பிள்ளைகளை ஆடுகளத்துக்கு அழைத்து வந்தது. இந்திய அணிக்காக ஆடிய இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் ஆகிய இருவரும் கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். இருவரும் சேது அணிக்காகவும் ஆடியுள்ளனர். இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் பணியாற்றுபவர். 2017–18 லீக்கின் இறுதிக்கட்டத்தில் கடலூர்க் கழகமும் சேதுவும் இரு தனி அணிகளாகவே பங்கேற்றன.

இந்திய மகளிர் லீக்கின் முதல் பருவத்தை (2016–17) மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியனும், இரண்டாம் பருவத்தை ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடண்ட்ஸ் கழகமும் வென்றிருந்தன. இரண்டாம் பருவத்தில் ஷில்லாங்கில் ஆடிய சேது அணியில் வங்காளதேச வீராங்கனைகளான சபீனா காத்தூன், கிருஷ்ணா ராணி சர்க்கார் ஆகியோர் இடம்பெற்றனர். அப்போது கிண்ணம் கிட்டவில்லை.

லூதியானாவில்

மூன்றாம் பருவத்தின் இறுதிக்கட்டம் 2019 மே மாதம் முழுவதும் லூதியானாவிலேயே நடத்தப்பட்டது. பன்னிரண்டு அணிகள் ஆறாறாக இரு பிரிவுகளில் ஆடின. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் இரண்டு அணிகள் அரையிறுதிக்குச் சென்றன. அதாவது கிண்ணம் வெல்லும் அணி ஏழு ஆட்டங்களை ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குள், பஞ்சாபின் மே மாத வெயிலில் ஆடி முடிக்க வேண்டும். லீக் என்று பெயர் பெற்றிருப்பினும் இது உண்மையில் ஒரு குறுகிய காலச் சுற்றுப்போட்டியே. ஆண்களின் ஐ-லீக் அதே பருவத்தில் 2018 அக்டோபர் முதல் 2019 மார்ச் வரை சொந்த மைதானம், எதிரணி மைதானம் என்று மாறி மாறி நடந்ததை இங்கு ஒப்பிடலாம்.

சேது அணிக்கு அம்ருதா அரவிந்த் பயிற்சியாளராக இருந்தார். முன்கள ஆட்டத்தில் நேபாள வீராங்கனை சபித்ரா பண்டாரியும், மணிப்பூரைச் சேர்ந்த டாங்மெய் கிரேசும் முதன்மையானவர்கள். அரையிறுதியில் சசஸ்திர சீமா பல் அணியை 8–1 என்று சேது வீழ்த்தியது. மற்றொரு அரையிறுதியில் கோகுலம் கேரளாவை மணிப்பூர் காவல்துறை வென்றது.

இந்த இரு எதிரணிகளின் பெயர்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று மாநிலக் காவல்துறையின் அணி. மற்றொன்று நேபாள, பூட்டான் எல்லைகளைக் காக்கும் நடுவண் அரசுப் படையின் அணி. இந்தியாவில் ஒரு பெண் கால்பந்து ஆடி வாழ்க்கை நடத்த வேண்டுமெனில், அரசு வேலையே நெடுங்காலம் நம்பத்தக்க வழியாக இருந்தது. துறை ஊதியம் தரும், விடுப்பு தரும்; ஆட்டம் முடிந்த பிறகும் வேலை இருக்கும். தனியார் கழகத்தால் அந்த உறுதியை அளிக்க முடிவதில்லை. மைதானமும் விடுதியும் உணவுக்கூடமும் ஏற்கனவே உள்ள ஒரு கல்லூரியால் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப முடியும். சேதுவின் பட்டம் அத்தகைய ஏற்பாட்டுக்குக் கிடைத்த வெற்றி எனலாம்.

அதே பருவத்தில் மற்றொரு கிண்ணம்

2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்டிருந்த சென்னை சிட்டி அணி, மினர்வா பஞ்சாப் அணியை 3–1 என வென்று 43 புள்ளிகளுடன் ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. ஆக, இரண்டரை மாத இடைவெளியில் ஆண்கள், பெண்கள் ஆகிய இரு தேசிய லீக் பட்டங்களும் தமிழ்நாட்டுக்கு வந்தன; இரண்டிலும் இறுதி நாளின் கோல் கணக்கு ஒன்றே. இரண்டு அணிகளுமே சென்னையில் ஆடியவை அல்ல என்பதும் குறிப்பிடத்தக்கது.

எனினும் இரு பட்டங்களின் பயன் ஒன்றாக இருக்கவில்லை. ஐ-லீக் வெற்றி சென்னை சிட்டிக்கு 2020 ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக் கிண்ணத்தில் இடம் பெற்றுத் தந்தது. மகளிருக்கான ஆசியக் கழகப் போட்டி 2019 இல் சப்பான், தென்கொரியா, சீனா, ஆத்திரேலியா ஆகிய நான்கு நாடுகளின் கழகங்களைக் கொண்டு முன்னோட்டமாக மட்டுமே நடத்தப்பட்டது. இந்திய வாகையருக்கு அதில் இடமில்லை. அவ்வாய்ப்பு 2021 இல் யோர்தானின் அக்காபாவில் கோகுலம் கேரளாவுக்குக் கிடைத்தது.

பின்னர்

அடுத்த பருவத்தில் சபித்ரா பண்டாரி கோகுலம் கேரளாவுக்கு மாறினார். 2020 பெப்ரவரியில் பட்டமும் அவ்வணிக்கே சென்றது. கொரோனா பெருந்தொற்றினால் 2020–21 பருவம் நடைபெறவில்லை. 2021–22 பருவம் புவனேசுவரத்தில் நடந்தபோது, கடைசி நாளான 2022 மே 26 அன்று, அதுவரை ஒரு புள்ளியையும் இழக்காத கோகுலமும் சேதுவும் நேருக்கு நேர் மோதின. தொடக்க நிமிடங்களிலேயே சேது முன்னிலை பெற்றது. ஆயினும் இடைவேளைக்குள் மூன்று கோல்களை அடித்த கோகுலம் 3–1 என வென்றது.

சென்னை சிட்டி 2021 க்குப் பின் ஐ-லீக்கில் ஆடவில்லை. சேது, மகளிர் லீக் சொந்த மைதானம், எதிரணி மைதானம் என்ற முறைக்கு மாறிய 2023–24 பருவத்திலும் அதற்கடுத்த பருவத்திலும் பங்கேற்றது.