தைப்பூச டீ-சட்டையும் சாயவேரும்



அடுத்த தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் தொண்டர்களுக்கு டீ-சட்டை அடிக்கணும். ரெண்டு வாரமா நம்ம வாட்ஸ்அப் குழுவில் இதே பேச்சுதான். இளைஞர்கள் ஜெர்சி துணியில் சப்ளிமேஷன் என்கிறார்கள். பெரியவர்கள் பருத்தியில் பழைய சில்க் ஸ்கிரீன் போதும் என்கிறார்கள். ஒரு தம்பி டிடிஎஃப் மாதிரி ஒன்று கொண்டுவந்து காட்டினார், படம் கண்ணைப் பறிக்குது. விலையை மட்டும் வைத்து முடிவு செய்ய எங்களுக்கு மனசு வரல. துணியில் படம் போடுவது நம்ம ஆட்கள் உலகத்துக்கே செய்து காட்டின வேலை. அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட்டு டீ-சட்டைக்கு வருகிறோம், பொறுமையா படியுங்க.

சோழமண்டலக் கரையில் ஆறு ஓரம், கடல் ஓரம் இருந்த ஊர்களில் இந்தத் தொழில் நடந்தது. வெள்ளைப் பருத்தித் துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த தண்ணியில் ஊறவைத்துக் காயப்போடுவார்கள். பாலில் இருக்கிற கொழுப்பு, எழுதும்போது சாயம் பரவாமல் பிடித்துக்கொள்ளும். கறுப்புக் கோட்டுக்குப் பழைய இரும்பை வெல்லத் தண்ணியில் போட்டுப் புளிக்க வைத்த நீர். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீர். படிகாரத்துக்கு நிறமே கிடையாது. ஆனால் துணியைச் சாயவேரோடு கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து நிற்கும். மற்ற இடத்தில் லேசாக ஒட்டினது சாணத் தண்ணியில் அலசி வெயிலில் போட்டால் போய்விடும். நீலத்துக்கு, வேண்டாத இடமெல்லாம் மெழுகு தடவி அவுரித் தொட்டியில் முக்குவார்கள்.

அதாவது நிறம் துணி மேலே உட்காரவில்லை, நூலைப் பிடித்துக்கொண்டது. எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் பருத்தியில் இப்படி நிற்கிற சாயம் போடத் தெரியாது. 1742-ல் தென்னிந்தியாவில் இருந்த கெர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு படியையும் கடிதமாக எழுதி ஊருக்கு அனுப்பினார். பாக்டரியில் வேலை பார்க்கிற எங்களுக்குப் படிக்கும்போதே புரிஞ்சது, இது கைவேலை மட்டும் இல்லை, முழு புரொசெஸ். ஒரு படி தப்பினால் மொத்த லாட்டும் ரிஜெக்ட்தான்.

இந்தத் துணிகள் கப்பலேறி நம்ம பக்கமும் வந்தன. மலாய்க்காரர்கள் 'கைன் பெலிகாட்' என்று சொல்கிற கைலிக்குப் பேர் வந்ததே சென்னைக்கு வடக்கே இருக்கிற பழவேற்காட்டிலிருந்துதான். அது நெய்த கட்டம், அச்சு இல்லை. இருந்தாலும் கரை ஒன்றுதான். 1786-ல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கிய சில வருஷத்திலேயே அந்தக் கரை வணிகர்கள் இங்கே கடை போட்டுவிட்டார்கள். சூலியா ஸ்திரீட்டின் பேரே அதற்குச் சாட்சி.

ஐரோப்பாவில் இந்தத் துணிக்கு ஜனங்கள் அலைந்ததில் அங்கத்திய நெசவாளர்கள் கலவரமே பண்ணினார்கள். பிரான்ஸ் 1686-லேயே தடை போட்டது, 1759 வரை எடுக்கவில்லை. இங்கிலாந்து 1700-ல் இறக்குமதியைத் தடுத்து, 1721-ல் உடுத்தவே கூடாது என்றது. தடை போட்டுக்கொண்டே தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். 1783-ல் செப்பு உருளையில் அச்சடிக்கும் முறைக்கு தாமஸ் பெல் காப்புரிமை வாங்கினார். அதற்கப்புறம் மரக்கட்டை அச்சும் கையெழுத்தும் வேகத்தில் ஈடுகொடுக்க முடியவில்லை. மான்செஸ்டர் துணி நம்ம ஊருக்கே விற்பனைக்கு வந்தது.

இனிதான் ஜெர்சி கதை. கள்ளிக்கோட்டைப் பேரிலிருந்து வந்த சொல் 'காலிகோ'. மான்செஸ்டரில் 'காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷன்' என்று அச்சுக்காரர்களின் பெரிய நிறுவனம் இருந்தது. அங்கே வேலை பார்த்த வின்ஃபீல்டு, டிக்சன் ரெண்டு பேரும்தான் 1941-ல் பாலியஸ்டர் நூலைக் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு நாம் போடும் ஜெர்சி அந்த நூல்தான். சில்க் ஸ்கிரீனும் அதே ஊர்தான்: 1907-ல் சாமுவேல் சைமன் என்பவர் பட்டு வலையில் அச்சடிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இப்போது அந்த வலையே பாலியஸ்டர், பேர் மட்டும் இன்னும் சில்க்.

சரி, டீ-சட்டைக்கு வருவோம். எந்த முறையாக இருந்தாலும் நாங்க ஒரே கேள்விதான் கேட்கிறோம்: நிறம் நூலுக்குள்ளே போகுதா, மேலே ஒட்டிக்கிட்டு நிற்குதா?

சப்ளிமேஷன் உள்ளே போகும். 200 டிகிரி சூட்டில் சாயம் ஆவியாகி நூலுக்குள் இறங்கும், சாயவேருக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். வெடிக்காது, உரியாது, ஆளுக்கு ஒரு பேர் போடலாம். ஆனால் பாலியஸ்டரில் மட்டும்தான் பிடிக்கும். தண்ணீர்மலை அடிவாரத்தில் விடியற்காலையிலிருந்து மதியம் வரை மோர் ஊற்றி நிற்கிறவங்களுக்கு அந்தத் துணி எப்படி இருக்கும்னு போட்டவங்களைக் கேளுங்க. டிடிஎஃப் படத்தைப் பிலிமில் அடித்து, பசைத்தூள் தூவி, சூட்டில் ஒட்டுவது. பத்துச் சட்டைக்கு நல்லது. நெஞ்சு முழுக்கப் படம் என்றால் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்ட மாதிரிதான்.

சில்க் ஸ்கிரீனில் எல்லாம் மையைப் பொறுத்தது. பெரும்பாலும் அடிப்பது பிளாஸ்டிசால், பிவிசி கலந்த மை. சுமார் 160 டிகிரியில் முழுசா வெந்தால்தான் நிற்கும். மேலே தொட்டுப் பார்த்து 'காஞ்சிடுச்சு' என்று எடுத்தால் உள்ளே வேகாமல் இருக்கும். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு கடையில் அடித்து வந்த சட்டையில், மூணாவது துவைப்பிலேயே முருகன் முகத்தில் விரிசல். ஒரு அக்கா, உடுத்தவும் மனசு இல்லை, தூக்கிப்போடவும் மனசு இல்லை என்று சாமி மேடைக்குக் கீழே மடிச்சு வெச்சிட்டாங்க. இன்னும் அங்கேதான் இருக்கு.

கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோவிலுக்கென்றே கலம்காரித் துணி எழுதுகிற குடும்பங்கள் உண்டு. அந்தக் கருப்பூர் கலம்காரிக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவர்கள் எழுதும் துணி தேரில் தொம்பையாகத் தொங்கும், சுவாமிக்கு மேலே விதானமாக நிற்கும். சுவாமி உருவம் தலைக்கு மேலேதான். வியர்வையில் நனையாது, மற்ற துணியோடு மிஷினில் சுழலாது, பழசானதும் தரை துடைக்கப் போகாது.

அதனால் எங்கள் கருத்து இது: மஞ்சள் பருத்தித் துணி, சில்க் ஸ்கிரீன், தண்ணீர் கலந்த மை, ஒரே சிவப்பு நிறம். அந்த மை நூலோடு சேரும், கையில் தடவினால் தடிப்பே தெரியாது. வெளிர் நிறத் துணி என்பதால் அடியில் வெள்ளை மை போடவும் வேண்டாம். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் போதும், நூறு சட்டைக்கு மேல் போனால் செலவும் தாங்கும். முகம் வேண்டாம், நெஞ்சில் சின்னதா ஒரு வேல், முதுகில் பந்தல் பேர். ஆளுக்கு ஒரு பேர் வேணும்னு ஆசைப்படும் தம்பிகளுக்கு இது பிடிக்காது, தெரியும். கூட்டத்தில் பேசுவோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சதும் கூட்டம். மூணு முறையிலும் ஒவ்வொரு மாதிரிச் சட்டை வாங்கி, ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து அஞ்சு தடவை துவைத்துக் கொண்டுவருகிறோம், தொட்டுப் பார்த்துச் சொல்லுங்க. அளவு இன்னும் கொடுக்காதவங்க அதுக்குள்ளே கொடுத்துடுங்க. எல் என்று எழுதிவிட்டு அன்றைக்கு வந்து எக்ஸ்எல் கேட்க வேண்டாம்.