வாரத்துக்கு ஐந்து மார்க்

கார் வாங்குவதைவிட அதற்குத் தீனி போடுவதுதான் கஷ்டம் என்பார்கள். கார் வருவதற்கு முன்பே தீனி போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவர்களின் கதை இது.

1938-ஆம் வருஷம். தொழிலாளிக்கும் கார் என்று சொல்லி, ஹிட்லர் கட்சியின் தொழிலாளர் முன்னணி ஒரு திட்டம் கொண்டு வந்தது. விலை 990 மார்க். வாரம் ஐந்து மார்க்குக்கு ஸ்டாம்பு வாங்கி அட்டையில் ஒட்டிவர வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 198 வாரம், ஏறக்குறைய நான்கு வருஷம்! கட்டிய பணத்துக்கு வட்டி இல்லை. நடுவில் விலகவும் வழியில்லை. இன்ஷூரன்ஸுக்கு 200 மார்க் தனி.

சுமார் 3,36,000 பேர் சேர்ந்தார்கள். எந்தெந்த வீட்டில் எதெதைக் குறைத்து அந்த ஐந்து மார்க்கை மிச்சம் பிடித்தார்களோ!

1939-இல் யுத்தம் வந்தது. தொழிற்சாலை ராணுவ வண்டி செய்யப் போயிற்று. ஸ்டாம்பு ஒட்டியவர்களில் ஒருவருக்குக்கூடக் கார் கிடைக்கவில்லை. பெர்லின் பாங்கியில் இருந்த பணம் யுத்த முடிவில் ரஷ்யர் கைக்குப் போயிற்று.

பிறகு அதே தொழிற்சாலை வோக்ஸ்வாகன் கார்களை லட்சக்கணக்கில் செய்து விற்றது. அட்டைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வருஷக்கணக்கில் இழுத்த வழக்கு 1961-இல் சமரசமாயிற்று: புதுக் காரில் அதிகபட்சம் 600 மார்க் தள்ளுபடி, கார் வேண்டாம் என்றால் கையில் 100 மார்க்.

சீட்டுக் கட்டி ஏமாந்தவர்கள் நம் தெருவிலும் உண்டு. சீட்டுப் பிடித்தவன் ஒரு ராத்திரியில் ஊரை விட்டு ஓடியிருப்பான். அங்கே சீட்டுப் பிடித்தவர்களோ ராஜ்யத்தையே ஆண்டவர்கள். அவர்கள் எங்கே ஓடிவிடப் போகிறார்கள் என்றுதானே அந்த ஜனங்கள் நம்பியிருப்பார்கள்?